கைமாறிய அகழ்பொறிகளில் கட்டுப்பாட்டகத் தொடர்புப் பழுதைக் கண்டறிதல்: சின்னசேலம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பழைய அகழ்பொறிகளை விலைக்கு வாங்கி இயக்குவோர் எதிர்கொள்ளும் பழுதுகளுள் இனங்காண அரிதானது, அப்பொறியிலுள்ள மின்னணுக் கட்டுப்பாட்டகங்களுக்கிடையே செய்தி அறுபடுவதாகும். காட்சித்திரையில் தோன்றும் தொடர்புப் பழுதுக் குறியீட்டைக் கட்டுப்பாட்டகமே பழுதாகிவிட்டதாகப் பொருள்கொள்ளும் வழக்கம் பணிமனைகளில் உண்டு. அக்குறியீடு பேசப்படும் கருவியின் கூற்று அன்று. அதன் செய்திக்காகக் காத்திருந்த வேறொரு கருவியின் கூற்று. இவ்வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டு, ஒரு மல்டிமீட்டரின் துணையுடன் பழுதின் இடத்தைப் படிப்படியாகக் குறுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சின்னசேலம், கல்வராயன் மலைப் பகுதியின் வேலைச் சூழல் இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அகழ்பொறி, கட்டுப்பாட்டகம், கேன் பாட்டை, முனைத் தடையம், பழுதுக் குறியீடு, கலைச்சொல்.

முன்னுரை

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கியது. அதன் மேற்கு விளிம்பில், சேலத்தையும் உளுந்தூர்ப்பேட்டையையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையையும் சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதையையும் ஒட்டிச் சின்னசேலம் அமைந்துள்ளது. ஏரிகளைத் தூர்வாருதல், மேட்டு நிலத்தைச் சமன்படுத்துதல், சாலைப்பணி, சின்னசேலம்–கள்ளக்குறிச்சி புதிய இருப்புப்பாதைக்கான மண்வேலை, கல்வராயன் மலைக்கான வழித்தடங்களைச் செப்பனிடுதல் எனப் பலவகை வேலைகள் இவ்வட்டாரத்தில் அகழ்பொறியைச் சார்ந்துள்ளன.

இத்தகைய வேலைகளில் ஈடுபடும் பொறிகள் பலவும் இரண்டாம், மூன்றாம் கை மாறியவை. புதிய பொறியை வாங்க இயலாத சிறு உரிமையாளர் கடன்பெற்றுப் பழைய பொறியை வாங்குகிறார். மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டுகிறார். பொறி நின்றால் வாடகை நிற்கும், தவணை நிற்பதில்லை. கச்சிராயப்பாளையத்திலிருந்து வெள்ளிமலைக்குச் செல்லும் மலைச்சாலையில் பொறி நின்றுவிட்டால், அதனைக் கீழே இறக்கும் ட்ரெய்லருக்கே தனிச் செலவாகும். ஆகவே பழுதைச் சரியாக இனங்காண்பது தொழில்நுட்பச் சிக்கல் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் வருவாயைத் தீர்மானிக்கும் செயலும் ஆகும்.

பணிமனைச் சொற்கள்

தமிழகத்தில் அகழ்பொறியைப் பேச்சுவழக்கில் 'ஹிட்டாச்சி' என்பர். செய்தித்தாள்கள் 'பொக்லைன்' என்று எழுதுகின்றன. முன்னது ஒரு ஜப்பானிய நிறுவனத்தின் பெயர். பின்னது ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர். முன்புறம் அள்ளும் கரண்டியும் பின்புறம் தோண்டும் கையும் உடைய சக்கர வண்டி 'ஜேசிபி' எனப்படுகிறது. நிறுவனப் பெயர் பொருளின் பொதுப்பெயராக மாறிய இம்மூன்று சொற்களும் வழக்கில் குழப்பம் தருவதில்லை.

பழுது பற்றிய சொற்களின் நிலை வேறு. இணைப்பியைக் 'கப்ளர்' என்றும், கம்பித்தொகுதியை 'வயரிங்' என்றும், காட்சித்திரையை 'மீட்டர்' அல்லது 'டிஸ்பிளே' என்றும், எஞ்சின் கட்டுப்பாட்டகத்தை 'ஈசிஎம்' என்றும் பணிமனையில் வழங்குவர். இவை தெளிவான சொற்களே. ஆனால் 'கேன் எரர்' என்ற தொடர் எந்தக் கருவியையும் குறிப்பதில்லை. இரு கருவிகளுக்கு இடைப்பட்ட உறவு ஒன்றைக் குறிக்கிறது. உறவைக் குறிக்கும் சொல்லைப் பொருளைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளும்போது 'கேன் எரர்' என்பது 'ஈசிஎம் போயிடுச்சு' என்றாகிவிடுகிறது. பிழையான செலவு தொடங்கும் இடம் இதுவே.

கேன் பாட்டையின் அமைப்பு

1980களில் ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனம் மோட்டார் வாகனங்களுக்காக உருவாக்கி 1986இல் வெளியிட்ட செய்திப் பரிமாற்ற முறையே கேன் எனப்படுவது. 1993இல் இது ஐஎஸ்ஓ 11898 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. கனரக வாகனங்களும் மண்வேலைப் பொறிகளும் இதன்மீது அமைந்த ஜே1939 என்னும் நெறிமுறையைப் பரவலாகப் பின்பற்றுகின்றன. சில நிறுவனங்கள் அதனுடன் தமக்கே உரிய செய்திகளையும் சேர்த்துக்கொள்கின்றன.

ஒன்றையொன்று முறுக்கிய இரு கம்பிகளே பாட்டை. ஒன்று உயர்கம்பி, மற்றொன்று தாழ்கம்பி. செய்தி இல்லாதபோது இரண்டும் ஏறத்தாழ 2.5 வோல்ட்டில் நிற்கும். செய்தி அனுப்பப்படுகையில் உயர்கம்பி 3.5 வோல்ட் அளவுக்கு ஏறும்; தாழ்கம்பி 1.5 வோல்ட் அளவுக்கு இறங்கும். கேட்கும் கருவி இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே கணக்கில் கொள்ளும். வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் முறுக்கிய இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குவதால் வேறுபாடு மாறுவதில்லை. கம்பிகள் முறுக்கப்பட்டிருப்பதன் காரணம் இது.

பாட்டையின் இரு முனைகளிலும் 120 ஓம் தடையம் ஒவ்வொன்று இருக்கும். முனையை அடைந்த குறிப்பலை எதிரொலித்துத் திரும்பாமல் காப்பது இதன் பணி. சில பொறிகளில் இத்தடையம் தனிக் கப்ளராக இருக்கும். சிலவற்றில் கட்டுப்பாட்டகத்தின் உள்ளேயே இருக்கும். ஜே1939 முறையில் பரவலாக வழங்கும் வேகம் நொடிக்கு 2,50,000 பிட். இதே பாட்டையில் எஞ்சின் கட்டுப்பாட்டகம், நீரியல் பம்பை ஆளும் கட்டுப்பாட்டகம், காட்சித்திரை, தொலைக்கண்காணிப்புக் கருவி ஆகியன கிளைகளாக இணைந்திருக்கும். ஆளுக்கொரு தனிக்கம்பி கிடையாது. எனவே ஓரிடத்தில் ஏற்படும் குறை அனைவரின் பேச்சையும் கெடுக்கக்கூடும்.

குறியீடு யாருடைய கூற்று?

அகப்பாடலைப் படிப்பவர் முதலில் கேட்பது, இது யார் கூற்று என்பதே. தலைவியின் கூற்றைத் தோழியின் கூற்றாகக் கொண்டால் பாடலின் பொருள் திரியும். தொடர்புப் பழுதுக் குறியீட்டுக்கும் இக்கேள்வி பொருந்தும்.

உணரி ஒன்றின் மின்னழுத்தம் வரம்பைக் கடந்தால், அதனுடன் நேரடியாக இணைந்த கட்டுப்பாட்டகம் தான் அளந்ததைச் சொல்கிறது. தொடர்புப் பழுது அத்தகையது அன்று. எஞ்சின் கட்டுப்பாட்டகம் சுழல்வேகத்தைக் குறுகிய இடைவெளிகளில் ஓயாது அறிவித்துக்கொண்டிருக்கும். குறித்த கால அளவுக்குள் அச்செய்தி வராவிடில், காத்திருந்த பம்ப் கட்டுப்பாட்டகம் ஒரு குறியீட்டைப் பதிவுசெய்கிறது. செய்தி தனக்கு எட்டவில்லை என்பது மட்டுமே அதற்குத் தெரியும். எஞ்சின் கட்டுப்பாட்டகம் செயலிழந்ததா, அதற்கு மின்சாரம் கிட்டவில்லையா, இடையில் கம்பி அறுந்ததா என்பதை அது அறியாது. முற்றிலும் செயலிழந்த கருவி தன்மையிடத்தில் நின்று தன் நிலையைக் கூற இயலாது. 'இன்னார் பேசவில்லை' என்னும் குறியீடு எப்போதும் படர்க்கைக் கூற்றாகவே வரும்.

ஜே1939 முறையில் பழுதுச் செய்தி ஒவ்வொன்றும் அதனை அனுப்பிய கருவியின் முகவரியைத் தாங்கி வருகிறது. எஸ்பிஎன் என்னும் எண் எதைப் பற்றிய பழுது என்பதையும், எஃப்எம்ஐ என்னும் எண் அப்பழுதின் தன்மையையும் குறிக்கும். எஸ்பிஎன் 639 முதன்மைப் பாட்டையையும், எஃப்எம்ஐ 9 செய்தி வரவேண்டிய கால ஒழுங்கு பிறழ்ந்ததையும் சுட்டும். ஆகவே சொல்பவர் யார், பேசப்படுபவர் யார், சொல்லப்படுவது என்ன என்னும் மூன்றையும் பிரித்து எழுதிய பின்னரே குறியீட்டைப் படித்ததாகக் கொள்ள முடியும்.

மேலும் ஒன்று கருதத்தக்கது. கேன் முறையில் ஒவ்வொரு கருவியும் தன் பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கும். அனுப்புகைப் பிழைகளின் எண்ணி 255ஐக் கடந்தால், அக்கருவி பிறர் பேச்சைக் கெடுக்காதிருக்கத் தன்னைத்தானே பாட்டையிலிருந்து விலக்கிக்கொள்ளும். கம்பியின் குறையால் நல்ல கட்டுப்பாட்டகமும் இவ்வாறு ஊமையாகலாம். அமைதியை இறப்பாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இது தக்க சான்று.

கண்டறியும் முறை

1. கூற்றுகளைத் தொகுத்தல். குறியீடுகளை அழிப்பதற்கு முன் அவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். யார் யாரைக் கேட்கிறார், யாரைக் கேட்கவில்லை என்று ஒரு கட்டம் வரைந்தால் பழுதின் திசை புலப்படும். அனைவரும் ஒருவரை மட்டும் கேட்கவில்லையெனில், அவருடைய கிளைக்கம்பியோ மின்வழங்கலோ ஐயத்திற்குரியது. கருவிகள் இரு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்குள் மட்டும் பேசிக்கொண்டால் நடுப்பாட்டை அறுந்திருக்கலாம். எவரும் எவரையும் கேட்கவில்லையெனில், பாட்டையில் குறுக்கிணைப்பு இருக்கலாம், அல்லது ஒரு கருவி பாட்டையை அடைத்துக்கொண்டிருக்கலாம்.

2. மின்வழங்கலை அளத்தல். அகழ்பொறியில் இரு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. நன்கு மின்னேறிய நிலையில் ஓய்வின்போது 25 வோல்ட்டுக்குச் சற்று மேலும், எஞ்சின் ஓடுகையில் 28 வோல்ட் அளவிலும் இருக்கும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மின்னழுத்தம் மிகவும் சரிந்தால் கட்டுப்பாட்டகம் நின்று மீண்டும் தொடங்கும். அந்த இடைவெளியே தொடர்புப் பழுதாகப் பதிவாகக்கூடும். ஊமையான கருவியின் கப்ளரைக் கழற்றி, அதன் மின்முனைக்கும் எர்த்து முனைக்கும் இடையே 21 வாட் அளவுள்ள 24 வோல்ட் பல்பை எரியவிட்டு அளப்பது நலம். சுமையில்லாமல் அளந்தால், ஓரிழை மட்டும் எஞ்சிய கம்பியும் முழு மின்னழுத்தத்தைக் காட்டும். பல்பு மங்கினால் குறை அங்கேயே உள்ளது. எர்த்துக் கம்பியின் இரு முனைகளுக்கிடையே சுமையின்போது தோன்றும் மின்னழுத்தம் சுழியை ஒட்டியிருக்க வேண்டும்.

3. தடையை அளத்தல். பேட்டரி இணைப்பைத் துண்டித்துச் சில நிமிடங்கள் கழித்து, பழுதறியும் கப்ளரில் உயர்கம்பிக்கும் தாழ்கம்பிக்கும் இடையே தடையை அளக்க வேண்டும். ஒன்பது முனைகளுடைய வட்ட வடிவ ஜே1939 கப்ளராயின் சி, டி எனக் குறிக்கப்பட்ட முனைகள் இவை. அளவீடுகளின் பொருள் வருமாறு:

60 ஓம்: இரு தடையங்களும் நடுப்பாட்டையும் தொடர்ச்சியாக உள்ளன.
120 ஓம்: ஒரு தடையம் விடுபட்டது, அல்லது இரு கம்பிகளில் ஒன்றேனும் இடையில் அறுந்தது.
40 ஓம்: மூன்றாவது தடையம் ஒன்று சேர்ந்துள்ளது.
சுழியை ஒட்டிய அளவு: இரு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுள்ளன.
ஆயிரக்கணக்கான ஓம்: இரு தடையங்களும் அளக்கும் இடத்திலிருந்து அறுபட்டுள்ளன.

60 ஓம் என்பது நற்சான்று. ஆனால் முழுச்சான்று அன்று. கம்பி உடற்சட்டத்தைத் தொடுவதையோ, அதிர்வில் மட்டும் விடுபடும் இணைப்பையோ, கிளைக்கம்பி அறுந்ததையோ இவ்வளவீடு காட்டாது.

4. மின்னழுத்தத்தை அளத்தல். பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்பிய பின், ஒவ்வொரு கம்பியையும் எர்த்தை ஒப்பிட்டு அளக்க வேண்டும். செய்தி ஓடும் பாட்டையில் உயர்கம்பி 2.5 வோல்ட்டுக்குச் சற்று மேலும், தாழ்கம்பி சற்றுக் கீழும் காட்டும். இரண்டின் கூட்டுத்தொகை 5 வோல்ட்டை ஒட்டியிருக்கும். ஒன்று சுழியைக் காட்டினால் எர்த்துடனும், 24 வோல்ட்டை நெருங்கினால் மின்வழங்கலுடனும் தொடுப்பு உண்டு. இத்தகைய நிலையில், ஒவ்வொரு முறையும் சாவியை அணைத்துவிட்டுக் கருவிகளின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளந்து பார்க்கலாம். எதனைக் கழற்றியதும் பாட்டை இயல்புநிலைக்குத் திரும்புகிறதோ அக்கருவி, அல்லது அதன் கிளை, குறைக்கு உரியது. தடையத்தை உள்ளடக்கிய கருவியைக் கழற்றினால் தடையின் அளவு 120 ஓம் ஆவது இயல்பே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

5. அசைத்துப் பார்த்தல். தடையை அளந்தபடியே கம்பித்தொகுதியைப் பகுதி பகுதியாக அசைத்தால், விட்டுவிட்டு வரும் பழுது எண்ணாக மீட்டரில் தெரியும். வேகமான குறைகளுக்கு அலைகாட்டி தேவைப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

முறையை விளக்கும் பொருட்டு ஒரு நிலையைக் கற்பித்துக்கொள்வோம். எஞ்சின் ஓடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லை, பூமும் பக்கெட்டும் மந்தமாக அசைகின்றன. எஞ்சின் கட்டுப்பாட்டகத்தைக் கேட்கவில்லை என்று காட்சித்திரையும் பம்ப் கட்டுப்பாட்டகமும் கூறுகின்றன. அவை இரண்டும் ஒன்றையொன்று கேட்கின்றன.

மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் எஞ்சின் ஓடுகிறதென்றால் அதன் கட்டுப்பாட்டகம் உயிரோடு இருக்கிறது. அதற்கு மின்சாரமும் கிட்டுகிறது. ஆகவே ஐயம் பாதையின் மீது திரும்புகிறது. ஓட்டுநர் அறைப் பக்கம் அளந்தால் 120 ஓம். எஞ்சின் கட்டுப்பாட்டகத்தின் உள்ளே ஒரு தடையம் இருப்பதாகக் கொண்டால், அதன் முனைகளில் அளந்தாலும் 120 ஓம். இரு முனைகளும் நலம். இடைப்பட்ட கம்பி அறுந்துள்ளது என்பது உறுதியாகிறது. உயர்கம்பியையும் தாழ்கம்பியையும் தனித்தனியே முனையிலிருந்து முனைவரை சோதித்தால் அறுந்தது எது என்பது தெரியும். பின்னர், தொகுதி எஞ்சின் அறைச் சுவரைக் கடக்கும் இடத்தில் தொடங்கி, உராய்வுக்கும் வெப்பத்திற்கும் இலக்காகும் பகுதிகளைத் திறந்து பார்க்கலாம். 'ஈசிஎம் போயிடுச்சு' என்ற முடிவுடன் தொடங்கியிருப்பின், உயிரோடுள்ள கருவியை எடுத்தெறிந்து, அறுந்த கம்பியை அப்படியே விட்டிருப்போம்.

வட்டாரச் சூழலும் பழுதின் தோற்றமும்

கைமாறிய பொறியில் தயாரிப்பாளரின் கம்பித்தொகுதி மட்டும் இருப்பதில்லை. முந்தைய உரிமையாளர்களின் மாற்றங்களும் அதில் அடங்கியிருக்கும். சூழலும் தன் பங்கைச் செலுத்துகிறது.

முதலாவது, எலி. மக்காச்சோளமும் கரும்பும் விளையும் நிலத்தோரத்தில் வாரக்கணக்கில் நிற்கும் பொறி எலிக்குப் புகலிடம். இருக்கைக்குப் பின்புறமும் பக்கவாட்டுக் கதவுகளின் உட்புறமும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்.

இரண்டாவது, ஈரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், ரப்பர்ச் சுற்று இற்றுப்போன கப்ளருக்குள் நீர் புகுந்து முனைகளில் பச்சைக் களிம்பு படியும். உயர் அழுத்த நீரால் பொறியைக் கழுவுவதும் இதே விளைவைத் தரும்.

மூன்றாவது, வெல்டிங். பக்கெட்டின் பல்லையும் அடித்தகட்டையும் களத்திலேயே வெல்டிங் செய்வது வழக்கம். எர்த்துப் பிடியைத் தொலைவில் மாட்டினால், மின்னோட்டம் பொறியின் உடலெங்கும் பாய்ந்து கட்டுப்பாட்டகத்தின் செய்தி அனுப்பும் சில்லைக் கெடுக்கக்கூடும். பேட்டரி இணைப்பையும் கட்டுப்பாட்டகக் கப்ளர்களையும் கழற்றிவிட்டு, வெல்டிங் செய்யும் இடத்தை ஒட்டியே பிடியை மாட்ட வேண்டும்.

நான்காவது, கூடுதல் கருவிகள். பாட்டையில் ஒட்டுப்போட்டு இணைத்த ஜிபிஎஸ் கருவி மூன்றாவது தடையமாகவோ நீண்ட கிளையாகவோ மாறலாம். ஜே1939 முறையில் கிளைக்கம்பி ஒரு மீட்டருக்குள் அடங்க வேண்டும். மின்விசிறிக்கோ பாட்டுப்பெட்டிக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்தால், இரு பேட்டரிகளும் சமநிலை இழந்து மின்வழங்கல் சீர்கெடும்.

ஐந்தாவது, ஒட்டு. முறுக்கைப் பிரித்து, வெறும் டேப் சுற்றிய பாட்டைக்கம்பி மின்னிரைச்சலுக்கும் ஈரத்துக்கும் இடங்கொடுக்கும். முன்பிருந்த அளவிலேயே முறுக்கி, தகுந்த கிரிம்ப் இணைப்பும் பசையுள்ள வெப்பச்சுருக்குக் குழாயும் இட்டு, அதிர்வு தாங்கும்படி கட்டுவதே முறையான ஒட்டாகும்.

கட்டுப்பாட்டகத்தை மாற்றும் முன்

கட்டுப்பாட்டகம் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. மின்வழங்கல், எர்த்து, இரு பாட்டைக்கம்பிகள் ஆகிய நான்கும் அக்கருவியின் கப்ளர்வரை நலமாக வந்தும் அது பேசவில்லையெனில், அம்முடிவுக்கு வரலாம். அப்போதும் மாற்றுக் கருவி அப்பொறிக்குரிய மென்பொருளையும், பல பொறிகளில் எரிபொருள் செலுத்திகளுக்குரிய திருத்த எண்களையும் கொண்டிருக்க வேண்டும். உடைத்து விற்கும் வேறொரு பொறியிலிருந்து எடுத்த கருவி, உருவில் ஒத்திருப்பினும் இயங்காமற்போகலாம். தவிரவும், பழைய குறை எர்த்துத் தொடுப்பிலோ மின்வழங்கலிலோ இருந்தால் புதிய கருவியையும் அது கெடுக்கக்கூடும்.

பழுது நீங்கிய பின் குறியீட்டை அழித்து, பொறி சூடேறும்வரை இயக்கி, மேற்பகுதியை இருபுறமும் சுழற்றி, முழுச்சுமையில் தோண்டிப் பார்த்து, குறியீடு மீளவில்லை என்பதை உறுதிசெய்ய வேண்டும். குறியீட்டை அழிப்பது பதிவை அழிப்பதே. பழுதை நீக்குவது ஆகாது.

முடிவுரை

தொடர்புப் பழுதுக் குறியீடு, பேசாத கருவியைப் பற்றி மற்றொரு கருவி தரும் படர்க்கைக் கூற்றாகும். கூற்றுக்குரியவரை முதலில் இனங்கண்டு, மின்வழங்கலையும் தடையையும் மின்னழுத்தத்தையும் வரிசையாக அளந்தால், பெரும்பாலும் கட்டுப்பாட்டகத்தைத் தொடாமலேயே குறையின் இடத்தை அடைய முடியும். இதற்கு அடிப்படைத் தேவை ஒரு மல்டிமீட்டரும், ஒரு பல்பும், ஒரு தாளுமே.

இம்முறையைக் கூறும் பழுதுபார்ப்பு நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. களத்தில் கைவைப்பவரோ தமிழில் சிந்திக்கிறார். 'கப்ளர்', 'எர்த்து' போன்ற வழக்குச் சொற்களை விலக்கவேண்டிய தேவை இல்லை. 'கேன் எரர்' என்பதற்கு ஈடாக ஒரு கலைச்சொல்லை ஆக்குவதினும், 'பம்ப் கட்டுப்பாட்டகம் எஞ்சினைக் கேட்கவில்லை' என்று எழுவாயும் செயப்படுபொருளும் விளங்க எழுதிவைக்கும் பழக்கமே இங்குப் பயன் தரும். தொழிற்பயிற்சிப் பாடங்களிலும் பணிமனைக் குறிப்பேடுகளிலும் இவ்வாறு எழுதுவது நிலைபெறின், சின்னசேலம் போன்ற ஊர்களின் சிறு உரிமையாளர் ஒரு கட்டுப்பாட்டகத்தின் விலையைக் கொடுப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி அவர் மொழியிலேயே அவரிடம் இருக்கும்: இதைச் சொல்வது யார்?